மஸ்டாங்கை விற்ற கோடை

எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து மெல்பேர்னுக்கு வந்து சேர்ந்தவன் நான். இத்தனை வருடத்தில் எனக்கென்று ஆசைப்பட்டு வாங்கிய பொருள் ஒன்றுதான். அறுபத்தெட்டாம் ஆண்டு மஸ்டாங் கார். கருநீல நிறம், இரண்டு கதவு, எட்டு சிலிண்டர், ஸ்டியரிங் இடது பக்கம். டண்டினொங்கில் நான் வேலை செய்த தொழிற்சாலையின் மூத்த மெக்கானிக் ஓய்வு பெற்றபோது அதை எனக்கு விற்றார். அவரிடம் கேட்டு நின்ற வேறு இரண்டு பேரை விட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டார். "நீ கையைத் துடைத்துவிட்டுத்தான் கதவுப்பிடியைத் தொடுகிறவன். பார்த்திருக்கிறேன்" என்றார். வெள்ளைக்காரர். அதிகம் பேசாதவர்.

மல்கிரேவில் எங்கள் வீட்டுக் கராஜில் அது பதினேழு வருடம் நின்றது. நல்ல வெயில் நாளில் ஞாயிற்றுக்கிழமை ஒரு சுற்று. மற்றபடி போர்வைக்குள் இருக்கும். பொனட்டைத் திறக்குமுன் பெல்டைக் கழற்றுவேன், சட்டைப்பையில் இருப்பதையெல்லாம் எடுத்துத் தட்டில் வைப்பேன். பக்கிள் உரசக்கூடாது, திறப்போ சில்லறையோ உள்ளே விழக்கூடாது. மனைவி சிரிப்பாள். "கோயிலுக்குப் போறமாதிரியெல்லே போறியள்!"

என் ஒரே தங்கை கிளிநொச்சியில் ஆசிரியையாக இருந்தாள். காரின் படத்தை அவளுக்கு அனுப்பினேன். பல மாதம் கழித்துப் பதில் வந்தது. "கார் வடிவாத்தான் இருக்கு அண்ணா. ஆனா பின் சீற்றில இருக்கிற ஆக்கள் காலை எங்க வைக்கிறது?" என்று எழுதியிருந்தாள்.

இரண்டாயிரத்து ஒன்பது தை மாதத்தில் அவளும் கணவரும் இரண்டு பெண்பிள்ளைகளும் கிளிநொச்சியை விட்டு இடம்பெயர்ந்து புதுக்குடியிருப்புப் பக்கம் இருந்தார்கள். யாரோ வைத்திருந்த சற்றலைட் போனில் ஒரு நிமிடம் பேசினாள். "பங்கருக்குள்ள இருக்கிறம். நாலு பேரும் சுகம். நீங்கள் யோசியாதேங்கோ." அதற்குப் பிறகு பேச்சில்லை.

இங்குள்ள தமிழர்கள் நாங்கள் நகரத்துக்குப் போய், போரை நிறுத்தச் சொல்லிப் பதாகை பிடித்து நின்றோம். ரயிலில் திரும்பி வந்தோம். அடுத்த வாரமும் போனோம். அந்த நாட்களில்தான் எங்கள் விக்டோரியா மாநிலத்தில் பெரிய காட்டுத்தீ. வானம் மஞ்சளாகக் கிடந்தது. வேலையிடத்தில் ஒருவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உங்கள் ஆட்கள் யாரும் அந்தப் பக்கம் இல்லையே?" என்று உண்மையான கவலையோடு கேட்டார். தீயைப் பற்றித்தான் கேட்டார். இல்லை என்றேன். தீயில் வீடு இழந்தவர்களுக்கு எல்லோரும் பணம் போட்டபோது நானும் போட்டேன்.

வவுனியாவில் ஆட்களைத் தெரிந்த ஒருவர் எங்கள் பகுதியில் இருந்தார். அவரிடம் போனேன். "சண்டைக்குள்ளால வெளியில வந்தாலும் ஆமிக்காரர் முகாமிலதான் அடைச்சு வைப்பாங்கள். அங்கயிருந்து எடுக்கிறதெண்டா காசு ஆயத்தமா இருக்கவேணும் அண்ணை. அந்த நேரம் வந்து தேடேலாது" என்றார். வீட்டின் மேல் இனிக் கடன் எடுக்க வழியில்லை. காரை விற்பதாக நானே விளம்பரம் போட்டேன்.

முதலில் வந்தவர் காந்தத்துண்டு ஒன்றைக் காரின் உடம்பெல்லாம் ஒட்டிப் பார்த்தார், துருப்பிடித்த இடத்தில் மாவு பூசி மறைத்திருக்கிறதா என்று. இல்லை என்று தெரிந்த பிறகும் பாதி விலை கேட்டுவிட்டுப் போனார். இரண்டாவது ஆள் வருவதாகச் சொல்லி வரவேயில்லை. மூன்றாவதாக வந்தவர் ஓய்வுபெற்ற பல் வைத்தியர். மரியாதையான மனிதர். தொழிலில் பாவித்த சின்னக் கண்ணாடியையும் ரோர்ச் லைற்றையும் கொண்டுவந்து, தரையில் படுத்து, கதவுக்குக் கீழே துரு தேடினார். கிடைக்கவில்லை. "இதைப்போல ஒன்றை நான் பார்த்ததில்லை. ஏன் விற்கிறீர்கள்?" என்றார்.

எங்கே தொடங்குவது? "குடும்பக் காரணம்" என்றேன். தலையாட்டினார். விவாகரத்து என்று நினைத்திருக்கலாம்.

அடுத்த சனிக்கிழமை மூன்று மணிபோல மறுபடியும் வந்தார். எஞ்சினை ஓடவிட்டுக் கேட்கவேண்டும் என்றார். ஒரு மாதமாகக் குளியலறைக்குள்ளும் என்னோடு கொண்டுபோன செல்போனை, பொனட்டைத் திறக்குமுன் எடுத்துத் தட்டில் வைத்தேன். யோசித்துச் செய்ததல்ல. பதினேழு வருடப் பழக்கம். அவர் உள்ளே ஏறி அக்சிலரேட்டரை மிதிக்க, நான் குனிந்து பெல்ட்டுகளையும் குழாய்களையும் காட்டிக்கொண்டு நின்றேன். தகரக்கூரை அதிர்ந்தது. பத்து நிமிடம் இருக்கும்.

எஞ்சினை நிறுத்தியபோது தட்டில் போனின் வெளிச்சம் அணைவதைக் கண்டேன். தவறிய அழைப்பு. நீளமான, தெரியாத இலக்கம்.

திருப்பி எடுத்தேன். பதிவுசெய்த பெண்குரல் ஒன்று ஏதோ சொன்னது. மறுபடியும் எடுத்தேன். அதே குரல். நாலாவது தடவை அதுவும் இல்லை.

"கெட்ட செய்தியா?" என்று அந்த மனிதர் கேட்டார்.

"தெரியாது" என்றேன்.

அவர் மெல்ல, டிக்கியிலுள்ள மேலதிகச் சில்லு காரோடு வந்த சக்கரம்தானா என்று கேட்டார். நான் போய் டிக்கியைத் திறந்தேன். அசல்தான் என்று சொல்லி, அதன் மேலிருந்த எண்ணையும் வாசித்துக் காட்டினேன். என் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் ஒரு மாதிரி இருக்கும்.

நான் கேட்ட விலையிலும் சற்றுக் குறைத்தே காரைக் கொடுத்தேன். பேரம் பேச என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை. கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்கும் என்று சொல்லிக்கொடுத்தேன். பாதையில் ஏறும்போது வலப்பக்கம் திரும்பிப் பார்க்கும்படி இரண்டு தடவை சொன்னேன். அவர் கையைக் காட்டிவிட்டுப் போனார்.

முதியோர் இல்ல வேலை முடிந்து மனைவி வந்தாள். கராஜின் வெறும் சீமெந்துத் தரையில் குந்தியிருந்த என்னைக் கண்டாள். நடந்ததைச் சொன்னேன். பக்கத்தில் வந்து இருந்தாள்.

"நீங்கள் எடுத்திருந்தாலும் என்னப்பா செய்திருப்பியள்?" என்றாள்.

ஆறுதலுக்குத்தான் சொன்னாள். அதில் பிழையும் இல்லை. ஒன்றும் செய்திருக்க முடியாது.

வைகாசியில் எல்லாம் முடிந்தது. ஆனியில் ஒருவர் கையால் எழுதி அனுப்பிய பட்டியலில் தங்கையின் பெயரும் பிள்ளைகளின் பெயர்களும் இருந்தன. வவுனியா முகாம். கணவரின் பெயர் இல்லை. மூன்று தடவை வாசித்தேன். கார் விற்ற பணம் வவுனியாவில் ஆட்களைத் தெரிந்த அந்த மனிதர் வழியாகப் போனது. கார்த்திகையில் அவர்கள் வெளியே வந்தார்கள். எங்கள் பணத்தால் வந்தார்களா, எல்லோரையும் விடத் தொடங்கியபோது வந்தார்களா, எனக்குத் தெரியாது. கேட்க ஆளும் இல்லை.

வெளியே வந்த கிழமையில் தங்கை பேசினாள். குரல் தடித்துப்போயிருந்தது.

"மாசியில ஒருக்கா எடுத்தனான் அண்ணா. மூண்டு மணித்தியாலம் வரிசையில நிண்டு. மணி மட்டும் அடிச்சுது. நீங்கள் வேலையில எண்டு நினைச்சன்."

"என்ன சொல்ல எடுத்தனீ?"

"எனக்கு ஒண்டுமில்லை. அவர்தான் உங்களோட கதைக்கவேணும் எண்டவர்."

"என்னவாம்?"

"எனக்குச் சொல்லேல்ல. சண்டையெல்லாம் முடிஞ்சாப்பிறகு கேப்பம் எண்டு நானும் விட்டிட்டன்."

கடைசி நாட்களில் சனத்தோடு சனமாக நடந்து வரும்போது அவர் பின்தங்கிவிட்டார், பிறகு காணவில்லை என்று மட்டும் சொன்னாள். நான் அவுஸ்திரேலியாவுக்கு வரச்சொன்னேன். விசா விண்ணப்பத்தை நான் பார்க்கிறேன், பிள்ளைகளின் படிப்பையும் பார்க்கிறேன் என்றேன். நான் சொல்லி முடிக்கும்வரை அவள் கேட்டாள்.

"நான் வரேல்ல அண்ணா. அவர் வந்து தேடினா ஆர் இருக்கிறது?"

வேறு என்ன வேண்டும், சொல்லு என்று கேட்டேன். பிள்ளைகள் நிலத்தில் படுக்கினம், இரண்டு பாய் வாங்கவேணும் என்றாள்.