அவளுக்கு வந்தால் சாமி, எனக்கு வந்தால் சீக்கு

மராட்டிக்காரர்கள் ஊரான கிர்க்கியில், ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் எங்கள் பக்கத்து வீட்டு அக்காவுக்கு வருஷா வருஷம் ஆடியில் சாமி வரும். கோயில் வாசலில் பம்பைக்காரர்கள் அடிக்கத் தொடங்கியதும் அவள் கை நடுங்கும், மூச்சு இரைக்கும், கண் செருகும். உடனே நாலு பேர் ஓடிவந்து கையில் வேப்பிலையைத் திணிப்பார்கள், தலையில் மஞ்சள் தண்ணீரை ஊற்றுவார்கள், காலில் விழுவார்கள். எனக்கும் கை நடுங்கும், மூச்சு இரைக்கும். பம்பை கூட வேண்டியதில்லை. ரேஷன் கடைக் கூட்டம் போதும், சிவாஜிநகர் போகிற சிக்ஸ் சீட்டர் ஆட்டோ போதும். ஆனால் என் காலில் யாரும் விழவில்லை. "ஆரம்பிச்சிட்டா" என்று சொல்லிவிட்டு என் மாமியார் உள்ளே போய்விடுவார்.

முதல் தடவை வந்தது அந்த சிக்ஸ் சீட்டரில்தான். தொண்ணூறுகளின் பிற்பகுதி. நல்ல மழை. இரண்டு பக்கமும் தார்ப்பாயை இறக்கிவிட்டு, ஆறு பேர் உட்காரும் வண்டியில் பத்துப் பேரை டிரைவர் அடைத்திருந்தான். திடீரென்று நெஞ்சு படபடத்தது, விரல்கள் மரத்துப்போயின, செத்துப்போகப் போகிறேன் என்று அப்பட்டமாகத் தெரிந்தது. வண்டியை நிறுத்தச் சொல்லிக் கத்தி, நடுரோட்டில் மழையில் இறங்கி உட்கார்ந்துவிட்டேன். ஈ.சி.ஜி. எடுத்தார்கள். இதயத்தில் ஒன்றுமில்லை என்றார்கள். ஒன்றுமில்லை என்ற சொல்லை வீட்டில் எல்லோரும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு நான் வாசல் தாண்டுவது குறைந்துபோனது. என் மகளைப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடுவது, பஜாருக்குக் கூட்டிப்போவது, பள்ளியின் ஆண்டுவிழாவில் முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டுவது எல்லாம் பக்கத்து வீட்டு அக்காவின் வேலையாயிற்று. அவளுக்குப் பெண் குழந்தை இல்லை. "பெரிம்மா, பெரிம்மா" என்று என் மகள் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு போவதை ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். நன்றி தோன்றியிருக்க வேண்டும். எனக்கு வயிறு எரிந்தது. அவள் உடம்பின் நடுக்கம் அவளுக்கு ஊரில் மரியாதை வாங்கித் தந்தது, என் உடம்பின் நடுக்கம் என் பிள்ளையைத் தூக்கி அவளிடம் கொடுத்தது. இது எந்த ஊர் நியாயம்?

என் வீட்டுக்காரர் ஸ்கூட்டரில் உட்காரவைத்து சிவாஜிநகரில் ஒரு மராட்டி டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனார். இது பயம், வியாதிதான், நடிப்பு இல்லை என்று முதலில் சொன்னது அந்த அம்மாதான். பயம் ஏறும், உச்சிக்குப் போகும், தானாக இறங்கும், ஆளைக் கொல்லாது, ஆனால் அது வரும்போதெல்லாம் ஓடினால் அடுத்த முறை இன்னும் சீக்கிரம் துரத்தும் என்று இந்தியில் விளக்கினார். மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். கடைசியாக, "உனக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டார். எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரி மாதிரி ஆகணும் என்றேன். அவர் சிரிக்கவில்லை. அது அவளுடையது, உன்னுடையதாக ஒன்று சொல், சின்னதாகச் சொல், செய்தாயா இல்லையா என்பது உனக்கே தெரிய வேண்டும் என்றார்.

அப்படித்தான் ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டேன். தனியாகப் பால் பூத் வரைக்கும். பிறகு காய்கறி மண்டிக்குள் போய் ஒரு கட்டு கொத்தமல்லி வாங்கிக்கொண்டு ஓடாமல் திரும்புவது. அதற்கே பல மாதங்கள் ஆயின. சில நாள் பாதி வழியில் திரும்பி வந்து அழுதேன். அந்த நாட்களில் அக்கா இரண்டு கையிலும் பையோடு, வெற்றிலை மென்றுகொண்டு, யாரிடமோ மராட்டியில் வம்பளந்தபடி எதிரே வருவாள். "இன்னாடி, அதுக்குள்ள வந்துட்ட?" என்பாள். அவள் பை அறுந்து உருளைக்கிழங்கெல்லாம் ரோட்டில் ஓடாதா என்று மனசார வேண்டியிருக்கிறேன்.

அடுத்த ஆடியில் என் மகள் முதல் தடவையாகப் பால்குடம் எடுப்பதாக இருந்தது. குடம் எடுக்கிற பிள்ளையின் பக்கத்தில் வீட்டுப் பெண் ஒருத்தி குடத்துக்குக் கைகொடுத்துக்கொண்டே நடக்க வேண்டும். குடம் தரையில் படக்கூடாது. பிள்ளையார் கோயிலில் கிளம்பி, பஜார் வழியாக, அம்மன் கோயில் வரைக்கும். அதுதான் என் அடுத்த இலக்கு என்று டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

"அக்காவே போவட்டும்" என்றார் மாமியார். "நீ வழியில வுழுந்து வெச்சா கொடம் இன்னாத்துக்கு ஆவும்?"

"அக்காவுக்குச் சாமி வந்தா மட்டும் கொடத்த யாரு புடிப்பாங்க அத்த?"

"சாமி வந்தா அத சாமி பாத்துக்கும்."

ஆனால் நான்தான் போனேன்.

தூறலில் கிளம்பினோம். பாதி வழி நன்றாகத்தான் போயிற்று. பஜார் குறுகும் இடத்தில் எதிரே ஒரு டெம்போ வந்து மாட்டிக்கொள்ள, ஊர்வலம் நின்றது. பின்னாலிருந்து தள்ளினார்கள். நின்ற இடத்தில் பம்பை இன்னும் வேகமாக முழங்கியது. எனக்கு வந்துவிட்டது. ஓடாதே, ஏறும், இறங்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கண்ணை மூடி நின்றேன். உடம்பு உதறியது, மூச்சு புஸ் புஸ்ஸென்று சத்தமாக வந்தது.

"ஆத்தா வந்துட்டாடா!" என்று யாரோ கத்தினார்கள்.

தலையில் மஞ்சள் தண்ணீர் விழுந்தது. கையில் வேப்பிலை வந்தது. கண்ணைத் திறந்தால் எதிரே என் மாமியார், இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு, "யாரு தாயே வந்துருக்கறது? எங்க மேல இன்னா கொற?" என்று கேட்கிறார். "ஆரம்பிச்சிட்டா" என்று சொன்ன அதே வாய். சுகமாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், அந்தப் பயத்தின் நடுவிலும் அவ்வளவு சுகமாக இருந்தது. ஒரு சத்தம் போட்டால் போதும், அக்காவுக்குக் கிடைத்ததெல்லாம் எனக்கும் கிடைக்கும். இனி ரேஷன் கடையில் வந்தாலும் சாமிதான், வண்டியில் வந்தாலும் சாமிதான். யாரும் உள்ளே எழுந்து போக மாட்டார்கள்.

அப்போதுதான் என் மகளைப் பார்த்தேன். சாமி வந்தவளுக்கு இடம் விடவேண்டும் என்று அவளை ஓரமாகத் தள்ளியிருந்தார்கள். தலையில் குடம். குடத்தின் மேல் அக்காவின் கை.

பொறாமை எனக்கு உருப்படியாகச் செய்த ஒரே உதவி அதுதான்.

"சாமியும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்றேன். பல் தந்தியடித்தது. "எனக்குப் பயம் வந்துருக்கு. அவ்ளோதான். கொடத்த நான்தான் புடிக்கணும், வழி வுடுங்க."

மாமியாரின் கை மெல்ல இறங்கியது. பம்பைக்காரர் என்னைப் பார்த்து முகம் சுளித்தார். அபச்சாரம் என்று ஒரு குரல் கேட்டது. நான் போய் அக்காவின் கையை எடுத்துவிட்டு என் கையை வைத்தேன். டெம்போ நகர்ந்தது. "அம்மா, ருக்காதே" என்றாள் மகள். நிற்காதே என்பதை இந்தி கலந்து அவள் அப்படித்தான் சொல்வாள். நடந்தோம். பயமும் கூடவே கொஞ்ச தூரம் வந்தது, பிறகு எங்கேயோ கழன்றுகொண்டது. குடத்துப் பால் அம்மன் மேல் விழுவதை நின்று பார்த்தேன். வழக்கம்போல அக்காவுக்கு வாசலில் சாமி வந்தது.

மறுநாள் காலையில் நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது அவள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"வர்றப்போ உனுக்கு வெரலெல்லாம் மரத்துப் போவுமா?"

"போவும்."

"செத்துடுவோம்னு தோணுமா?"

"தோணும்க்கா."

என் வீட்டுத் துணியை எடுத்து உதறி அவளே கொடியில் போட்டாள். "எனுக்கு வூட்லயும் வருது. பம்பை இல்லாம. ரொட்டி சுட்டுக்கினு இருப்பேன், வரும். சொன்னா சந்தோசப்படுவாங்க, கூழ் ஊத்துவாங்க. யார்கிட்ட போயி சொல்றது?"

இரக்கம் வந்திருக்க வேண்டிய இடம். இதையும் எடுத்துக்கொண்டாளா என்றுதான் எனக்குத் தோன்றியது. பிள்ளை, பஜார், மரியாதை எல்லாம் போக, டாக்டரம்மாவும் அவர் பேர் வைத்துச் சொன்ன வியாதியுமாவது எனக்கென்று இருந்தன. சொல்லாமல் விட்டுவிடலாமா என்று ஒரு பாவாடையைப் பிழிந்து முடிக்கும்வரை யோசித்தேன். பிறகு சொன்னேன். எந்த ஸ்டாப்பில் இறங்க வேண்டும், எந்த மாடி, எல்லாம்.

"உனுக்கு இன்னா வேணும்னு கேப்பாங்கக்கா. பெருசா சொல்லிடாத. சின்னதா ஒண்ணு சொல்லு."

அவள் அதிகம் யோசிக்கவில்லை.

"ஒரே ஒரு ஆடிக்கு சும்மா நிக்கணும்டி. எல்லாரும் மாதிரி கையக் கட்டிக்கினு நின்னு, பம்பைய கேட்டுட்டு, கூழு குடிச்சிட்டு வூட்டுக்கு வரணும்."

சொல்லிவிட்டு, யார் காதிலாவது விழுந்துவிட்டதா என்று இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தாள்.