அங்கப்பன் வாங்கிய கழுத்துப்பட்டை

துடியலூரில் அங்கப்பனின் முகம் தெரியாதவர்களுக்குக்கூட அவர் குரலைத் தெரியும். கோவையிலிருந்து மேட்டுப்பாளையம் போகிற தனியார் பேருந்து ஒன்றில் கல்யாணத்துக்கு முன்பிருந்தே கண்டக்டராக இருந்தவர். "கவுண்டம்பாளையம், துடியலூர், பெரியநாயக்கன்பாளையம், காரமடை" என்று படியில் நின்று அவர் கூப்பிட்டால், டீக்கடைக்குள் இருப்பவர் பாதி டம்ளரை வைத்துவிட்டு ஓடி வருவார். அவருக்கு மெதுவாகப் பேச வராது. துக்க வீட்டில்கூட அவர் ஆறுதல் சொன்னால் தெருமுனை வரை கேட்கும். மனைவி ராசம்மாள் முழங்கையால் இடிப்பாள். "மெல்லத்தானுங்க சொன்னேன்" என்பார், அதையும் சத்தமாகவே.

அவர் வளர்த்த நாய் அவருக்குக் கிடைத்ததும் அந்தக் குரலால்தான். காரமடை பஸ் ஸ்டாண்டில் வண்டி கிளம்பும்போது அவர் "ரைட்" என்று கத்த, பின்சக்கரத்து நிழலில் படுத்திருந்த குட்டி ஒன்று தன்னைத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து வாலாட்டிக்கொண்டு வெளியே வந்தது. குரல் கொடுக்காமல் வண்டி நகர்ந்திருந்தால் செத்திருக்கும். தூக்கிக் காக்கிச் சட்டைக்குள் போட்டுக்கொண்டார். பேர் வைக்க யோசிக்கவே இல்லை. ரைட்டு என்றுதான் அன்றைக்கே கூப்பிட்டார்கள்.

வேலை முடிந்து தெருமுனையில் திரும்பும்போதே அங்கப்பன் "ரைட்டேய்" என்று ஒரு சத்தம் கொடுப்பார். ரைட்டு கேட்டைப் பிறாண்டும். ராசம்மாள் அடுப்பில் தோசைக்கல்லை வைப்பாள். மகள் லோகப்பிரியா கல்யாணமாகிப் பெங்களூர் போன பிறகு அந்த வீட்டின் சாயங்காலம் அந்த ஒரு சத்தத்தில்தான் தொடங்கியது.

பிறகு தொண்டை கட்டியது. மாதக் கணக்கில் கட்டியே இருந்தது. புழுதியாக இருக்கும் என்று கல்கண்டும் மிளகும் வாயில் போட்டுக்கொண்டு டூட்டிக்குப் போனார். சோறு இறங்காமல் போனபோதுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். குரல்வளையில் புற்று, அதையே எடுத்தாக வேண்டும், எடுத்தால் உயிருக்குப் பயமில்லை என்றார் டாக்டர். மூச்சுவிடக் கழுத்தின் அடியில் ஓர் ஓட்டை போடுவார்கள். பேச்சு?

"பழைய குரல் வராதுங்க" என்றார் டாக்டர். சுற்றி வளைக்காமல் சொன்னதற்காக அங்கப்பன் அவரைக் கும்பிட்டார்.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குத் திரும்பிய அன்று ரைட்டு அவர் மேல் ஏறி விழுந்தது. கழுத்தில் கட்டியிருந்த துணியை மோந்து பார்த்தது. பிறகு எதிரில் உட்கார்ந்து, தலையைச் சாய்த்து, அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் தொடையில் இரண்டு தட்டு தட்டினார். அது அசையவில்லை. கூப்பிடட்டும் என்று காத்திருந்தது. தட்டினால் வர வேண்டும் என்று புரிந்துகொள்ள அதற்குக் கொஞ்ச நாள் பிடித்தது. புரிந்த பிறகு இருவருக்கும் குறையொன்றும் இருக்கவில்லை. ராசம்மாளுக்கு அவர் செல்போனில் எழுதிக் காட்டுவார். கண்ணாடியைத் தேடி எடுத்து அவள் எழுத்துக்கூட்டிப் படிப்பதற்குள் சொல்ல வந்தது ஆறிப்போயிருக்கும்.

அப்பாவின் நிலைமை பார்த்து லோகப்பிரியாதான் அந்தப் பேசுகிற மெஷினை வாங்கி அனுப்பினாள். சின்ன டார்ச் லைட் மாதிரி இருக்கும். தாடைக்குக் கீழே வைத்துப் பொத்தானை அழுத்தி வாயை அசைத்தால், அதன் அதிர்வு வாய்க்குள் போய் வார்த்தையாக வெளியே வரும். ஏற்ற இறக்கம் இருக்காது. முடிதிருத்தும் கடையில் காதோரம் ஓடுகிற ட்ரிம்மர் பேசக் கற்றுக்கொண்டால் எப்படி இருக்குமோ, அப்படி. ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண்ணிடம் போய் வந்து, எந்த இடத்தில் அழுத்தினால் சத்தம் தெளிவாக வருகிறது என்று கண்டுபிடித்து, ஒரு நாள் காலையில் கூடத்தில் உட்கார்ந்து வீட்டில் முதல் வார்த்தை பேசினார்.

"ராசம்மா."

அவள் கையில் கரண்டியோடு வாசற்படியில் வந்து நின்றாள். இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்க வாயெடுப்பதற்குள் ரைட்டு குரைக்க ஆரம்பித்தது.

தபால்காரரைப் பார்த்துக் குரைக்கிற குரைப்பு அல்ல அது. முதுகு மயிர் சிலிர்த்திருந்தது. பின்னாலேயே நகர்ந்து சுவரில் முட்டிக்கொண்டு, அவர் முகத்தைப் பார்த்துக் குரைத்தது. மெஷினை எடுத்ததும் நிறுத்தியது. வந்து அவர் கையை நக்கியது. மறுபடி வைத்தார், மறுபடி குரைத்தது. கட்டிலுக்கு அடியிலும் கதவுக்குப் பின்னாலும் போய் மோந்து மோந்து தேடியது. வீட்டுக்குள் வேறு யாரோ புகுந்துவிட்டார்கள் என்றுதான் அது நினைத்தது. அந்தச் சத்தம் அவரிடமிருந்து வருகிறது என்பதை அது ஒத்துக்கொள்ளவே இல்லை.

வெளியே கட்டிப் பார்த்தார்கள். கதவைப் பிறாண்டிக்கொண்டு குரைத்தது. லோகப்பிரியா போன் செய்தால், "என்னங்கப்பா சொல்றீங்க? ஒண்ணுமே கேக்கலீங்களே" என்பாள். அவர் இரண்டு வார்த்தை சொல்வார், நாய் இருபது குரை குரைக்கும். கடைசியில் அவர் மெஷினைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். பழையபடி செல்போனில் எழுத ஆரம்பித்தார்.

ராசம்மாள் சில நாள் பொறுத்தாள். ஒரு மத்தியானம் அவருக்குச் சோறு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"ஏனுங்க, நாய்க்குப் பயந்துட்டு வாய மூடிக்குவீங்களா? பேசிப் பழகுலீன்னா நாக்கு மறந்துபோகும்னு ஆஸ்பத்திரில அந்தப் புள்ள சொல்லுச்சுங்களே."

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"கொரைக்காம இருக்க ஒரு பட்டை விக்குதாமா. கழுத்துல கட்டுனா அடங்கிப்போயிருமாமா. போய்ப் பாக்கலாமுங்க. எனக்கு உங்க பேச்சு வேணுமுங்க."

முப்பது வருஷம் மெல்லப் பேசுங்கள் என்று இடித்தவள் அவள். அங்கப்பன் தலையை ஆட்டினார்.

கவுண்டம்பாளையத்தில் மெயின் ரோட்டு மேலேயே இருந்தது அந்தப் பட்டை விற்கிற கடை. உள்ளே கூண்டுகளில் குட்டிகள், மீன் தொட்டிகள், தீவன மூட்டைகள். கடைக்காரர் யூனுஸ் நடு வயதுக்காரர், நிதானமான மனிதர். மூன்று பட்டைகளை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"இது ஷாக் குடுக்கறதுங்கக்கா. கேக்கறாங்கன்னு வெச்சிருக்கேன், நானா யாருக்கும் எடுத்துக் குடுக்கறதில்லீங்க. இது கொரைச்சா எலுமிச்ச வாசனைய மூஞ்சில அடிக்கும். சில நாய் ரெண்டு நாள்ல பழகிட்டு மறுபடி கொரைக்கும். இது வெறும் அதிர்வு. வலிக்காது. பக்கத்து ஊட்டு நாய் கொரைச்சா அதிராது, தன்னோட தொண்டை அசைஞ்சாத்தான் வேலை செய்யும்."

மூன்றாவதை அங்கப்பன் கையில் கொடுத்து ஓட விட்டார். உள்ளங்கையில் அது அதிர்ந்தது. தாடைக்கடியில் தினமும் பழகிய அதே அதிர்வுதான். அவருக்கு மனசு கொஞ்சம் லேசானது. தன்னால் தாங்க முடிகிற ஒன்றை அதுவும் தாங்கிக்கொள்ளும் என்று பட்டது.

"எதைப் பாத்துங்கக்கா கொரைக்குது?" என்று கேட்டார் யூனுஸ்.

ராசம்மாள் கணவனைப் பார்த்தாள். அவர் கீழே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆளுக வந்தா, போனா கொரைக்குதுங்க" என்றாள்.

"ஏன் கேக்கறேன்னா, சும்மா கொரைக்கற நாய்க்கு இது சரிங்க. பயந்து கொரைக்கற நாய்க்குக் கட்டக் கூடாதுங்க. எதுக்குப் பயப்படுதோ அது வரும்போதெல்லாம் கழுத்துல ஒண்ணு அதிர்ந்தா, அதுனாலதான் இதுன்னு நெனச்சுக்கும். அப்புறம் அந்தப் பயத்த எடுக்க முடியாது."

மெஷின் அங்கப்பன் சட்டைப் பையில்தான் இருந்தது. எடுத்து வைத்து, என்னைப் பார்த்துத்தான் குரைக்கிறது என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். கடையில் மூன்று நான்கு பேர் நின்றிருந்தார்கள். அதில் ஒருவர் அவருடைய பேருந்தில் தினமும் வேலைக்குப் போனவர். அடையாளம் தெரிந்து சிரித்தார். அந்த ஆள் காதில் அந்தக் குரல் விழ வேண்டாம் என்று அங்கப்பனுக்கு இருந்தது. சிரித்துக் கும்பிட்டார். அதிர்வுப் பட்டையைக் காட்டி, பொட்டலம் கட்டித் தரச் சொல்லி ஜாடை செய்தார். இரண்டு விரல் நுழைகிற அளவுக்குத் தளர்த்தியாகக் கட்டுங்கள், நாள் முழுக்கப் போட்டு வைக்காதீர்கள் என்று சொல்லிக் கொடுத்தார் யூனுஸ்.

அன்று சாயங்காலமே லோகப்பிரியா கூப்பிட்டாள். ரைட்டு ஒரு தடவை குரைத்தது. பட்டை அதிர்ந்தது. திடுக்கிட்டுத் திரும்பித் தன் முதுகைப் பார்த்தது. மறுபடி பாதிக் குரைப்பு, மறுபடி அதிர்வு. பிறகு கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. வீடு அமைதியானது.

"கண்ணு, நல்லா இருக்கறயா? மாப்பிள்ளை வந்துட்டாரா? அங்க மழையா? இங்க ஒண்ணுமில்ல அம்மணி, வெயிலு காயுது" என்று அவர் பேசிக்கொண்டே போனார். மறுமுனையில் அவள் அழுவது கேட்டது. ராசம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அன்று தோசை சாப்பிடும்போதும் பேசினார், பாத்திரம் கழுவும்போதும் பக்கத்தில் நின்று பேசினார். ஆறேழு மாதம் அடைத்து வைத்திருந்ததெல்லாம் வந்தது. கட்டிலுக்கு அடியிலிருந்து ரைட்டு வெளியே வராததை யாரும் கவனிக்கவில்லை.

அடுத்தடுத்த நாட்களில் கவனிக்காமல் இருக்க முடியவில்லை. மெஷினை எடுத்தாலே அது எழுந்து போனது. பிறகு, அவர் சட்டைப் பைக்குக் கை போனாலே போனது. தொடையில் தட்டினால் இரண்டடி வந்து நின்று, கையில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுத் திரும்பியது. அவர் வைத்த சோற்றை அவர் உள்ளே போன பிறகுதான் தின்றது. ஒரு நாள் அவர் கொல்லைப்புறக் கதவைத் திறந்து எதிர்பாராமல் எதிரில் நின்றபோது, அது உடம்பைக் குறுக்கி நின்ற இடத்திலேயே மூத்திரம் போய்விட்டது.

அங்கப்பன் குனிந்து பட்டையை அவிழ்த்தார். அவிழ்க்கும் வரை அது கண்ணை மூடிக்கொண்டு நடுங்கியது. பட்டை போன பிறகும் அது குரைக்கவில்லை. கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவருக்கும் குரைக்கவில்லை, கேட்டுக்குள் எட்டிப் பார்த்த மாட்டுக்கும் குரைக்கவில்லை.

மறுநாள் அவர் மட்டும் கவுண்டம்பாளையம் போனார். அன்றும் கடையில் ஆட்கள் இருந்தார்கள். யூனுஸ் முன்னால் நின்று, மெஷினை எடுத்துத் தாடைக்கடியில் வைத்தார்.

"இதைப் பாத்துத்தானுங்க கொரைச்சுது. அன்னிக்குச் சொல்லுலீங்க."

கூண்டுகளில் இருந்த குட்டிகள் எல்லாம் ஒன்றாகக் கத்த ஆரம்பித்தன. பொருள் வாங்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அங்கப்பன் நிறுத்தவில்லை. நடந்ததையெல்லாம் அந்தக் கத்தலுக்கு நடுவிலேயே சொல்லி முடித்தார். யூனுஸ் மேஜையைச் சுற்றி வெளியே வந்து, அவர் தோளில் கை வைத்து, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"அன்னிக்கே நான் இன்னும் ரெண்டு வார்த்த கேட்டிருக்கோணுங்கண்ணா" என்றார். பிறகு வழி சொன்னார். மெஷினை ஓட விடாமல் நாயின் சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் வையுங்கள். பல நாள் கழித்து, தூர நின்று ஒரு நொடி மட்டும் ஓட விடுங்கள். ஓடினால் கறித்துண்டு ஒன்று கிடைக்கும் என்று அதற்குத் தெரிய வேண்டும். "வயசான நாய்ங்கண்ணா. ஆகும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்."

அங்கப்பன் எல்லாம் செய்தார். பேச்சைக்கூடக் குறைத்துக்கொண்டார். ஆனால் ரைட்டு அதற்குள் வேறு இடம் பார்த்துவிட்டது. எதிர் வீட்டு வெங்கடலட்சுமி தனியாக இருப்பவள். பகலெல்லாம் கார் நிறுத்தும் இடத்தில் உட்கார்ந்து கீரை ஆய்வாள், பூக் கட்டுவாள். அவள் காலடியில் போய்ப் படுத்துக்கொண்டது. முதலில் மத்தியானம் மட்டும். பிறகு சோற்றுக்கு மட்டும் இங்கே வந்தது. பிறகு அதற்கும் வரவில்லை.

ஒரு நாள் காலையில் அவர் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது எதிர் வீட்டிலிருந்து குரைப்புச் சத்தம் கேட்டது. பழைய குரைப்பு. யாரோ கோலமாவு விற்க வந்திருந்தார்கள். ரைட்டு கேட்டில் முன்கால்களை வைத்து எழுந்து நின்று, வாலை ஆட்டிக்கொண்டே விரட்டியது. அங்கப்பன் வாயில் நுரையோடு நின்று அது ஓயும் வரை கேட்டார். ராசம்மாளும் வந்து பக்கத்தில் நின்றாள்.

அன்று சாயங்காலம் வெங்கடலட்சுமி தெருவைத் தாண்டி வந்தாள். சங்கடமாக நின்றாள்.

"ஏனுங்கண்ணா, நானா கூப்புடுலீங்க. அதுவா வந்து படுத்துக்குது. நீங்க வந்து கூட்டிட்டுப் போறதுன்னாப் போங்க."

அங்கப்பன் மெஷினை வைத்தார். "இருக்கட்டுமுங்க அம்மணி. அங்கதான் கொரைக்குது. அங்கயே இருக்கட்டும்."

எதிர் வீட்டு நிழலில் படுத்திருந்த ரைட்டு காதைத் தூக்கியது. எழுந்து, தூணுக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டது. வாலின் நுனி மட்டும் இங்கிருந்து தெரிந்தது.

வெங்கடலட்சுமி போன பிறகு ராசம்மாள் கதவைச் சாத்தினாள். அவர் உள்ளறைக்குப் போய் உட்கார்ந்தார். மெஷினின் பக்கவாட்டில் சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு சின்னச் சக்கரம் உண்டு. அதுவரை அவர் அதைத் தொட்டதே இல்லை. கட்டை விரலால் அதைக் கீழே தள்ளினார். பேசிப் பார்த்தார். இன்னும் தள்ளினார்.

"என்னமோ சொல்றீங்களே, கேக்குலீங்க" என்றாள் ராசம்மாள்.

அவர் சக்கரத்தைத் திருப்பி வைக்கவில்லை. தெரு வரை போகாத அந்தச் சின்னச் சத்தத்தில் மறுபடி சொன்னார். அவள் முக்காலியை இழுத்துப் போட்டு, முழங்காலோடு முழங்கால் படும்படி உட்கார்ந்து, காதை அவர் வாய்க்கு நேராகக் கொண்டுபோனாள்.