கேள்வியக்கா கேட்ட கடைசிக் கேள்வி

தையல்கடைக்காரிக்குத் தெரு வைத்த பெயர் கேள்வியக்கா. சட்டைக்கு அளவெடுக்க வந்து நிற்பவரிடம் கழுத்தளவு எடுத்து முடிப்பதற்குள், அவர் தங்கைக்கு எப்போது கல்யாணம், மாமியாருக்கு முட்டுவலி தேவலையா என்று எல்லாவற்றையும் கறந்துவிடுவாள். "உன் வாய்க்கு ஒரு பட்டன் வச்சுத் தைச்சுக்கோயேன்" என்பது அவள் கணவரின் தினசரிப் புலம்பல். பதில் சொல்லி மாளாத மனுஷன், பாவம்.

அப்பேர்ப்பட்டவள் ஒரு நாள் வாயடைத்துப் போனாள். கட்டிட உரிமையாளர் கடையைக் காலி செய்யச் சொல்லி வழக்குப் போட்டுவிட்டார். அவருடைய மகன் அங்கே செருப்புக்கடை வைக்கப் போகிறானாம். கடை போனால் அவளுக்குப் போக்கிடமில்லை. புதுத் தெருவில் போய் வாடிக்கை பிடிக்கிற வயதும் இல்லை.

வக்கீல் தைரியம் சொன்னார். "நாம அவர்கிட்ட எழுத்துலயே கேள்வி கேட்கலாம்க்கா. கோர்ட்டு அனுமதிச்சா, அவர் சத்தியம் பண்ணிப் பதில் எழுதித் தரணும். மழுப்ப முடியாது."

போன உயிர் திரும்பி வந்தது அவளுக்கு. "எதை வேணாலும் கேட்கலாமா சார்?"

"வழக்குக்குச் சம்பந்தப்பட்டதை மட்டும்."

மறுநாளே ஒரு கத்தைத் தாளோடு வந்து நின்றாள். வக்கீல் படித்தார், சிரித்தார், பேனாவை எடுத்தார். உரிமையாளர் தன் தம்பியோடு ஏன் பேசுவதில்லை? கோடு போட்டு அடித்தார். மீசைக்கு என்ன சாயம் பூசுகிறார்? அதையும் அடித்தார். ஒவ்வொரு கோட்டுக்கும் அவள் முகம் சுருங்கியது. ஒரு வரியில் மட்டும் பேனா நின்றது.

'கடை வேண்டுமா என்று உங்கள் மகனிடம் கேட்டீர்களா? அவர் என்ன சொன்னார்?'

"வழக்கே இதுலதான்க்கா நிக்குது" என்று, தான் எழுதிய கேள்விகளுக்குக் கடைசியில் அதைச் சேர்த்துக்கொண்டார்.

கோர்ட்டும் அனுமதித்தது. பதில் வர வேண்டிய நாள் நெருங்க நெருங்க அவளுக்கு வேலையில் புத்தி நிற்கவில்லை. ஒருவர் சட்டைக்கு இரண்டும் இடக்கையாகவே வைத்துத் தைத்துவிட்டாள்.

ஒரு மாலை உரிமையாளரே கடைப்படி ஏறினார். அவள் முக்காலியை நகர்த்திப் போட்டாள்.

"வழக்கை வாபஸ் வாங்கறேன்மா. நானே நேர்ல சொல்லணும்னு வந்தேன்."

"ஏங்கய்யா?"

"மத்த கேள்விக்கெல்லாம் மளமளன்னு எழுதிட்டேன். கடைசிக் கேள்வியில கை ஓடலை. சத்தியம் பண்ணிட்டுப் பொய் எழுத முடியுமா? சரி, கேட்டுட்டே எழுதுவோம்னு அவன் ரூமுக்குப் போனேன். கடை வேண்டாமாம். கப்பல்ல வேலை பார்க்கணும்னு சின்ன வயசுலேர்ந்தே ஆசையாம்."

"இத்தனை நாளா உங்ககிட்ட சொல்லலையா?"

"நான் கேட்டாத்தானே? இதைப் படி, அங்க போ, இதைச் செய்யினு சொல்லியே வளர்த்துட்டேன். நான் கேட்டதும் பிள்ளை அழுதுட்டான்மா."

கடை பிழைத்தது என்ற சந்தோஷத்தில் அவளுக்கும் கண் நிறைந்துவிட்டது. அவர் எழுந்தார். வாசல்வரை போனவர் தயங்கித் திரும்பினார்.

"அடுத்து அவன்கிட்ட என்ன கேட்கறதுன்னு எனக்குத் தெரியலைம்மா. நாலு கேள்வி எழுதிக் குடேன்."