ஹாஜியார் கடையின் சிவப்பு நூல்

அப்பாவின் சட்டைப் பையில் எப்போதும் ஒரு கடிதம் இருந்தது. நாலாக மடித்து, பிளாஸ்ரிக் உறைக்குள் போட்டு, அடையாள அட்டைக்குப் பின்னால் வைத்திருப்பார். வெள்ளவத்தையில் அவர் வேலை செய்த துணிக்கடையின் முதலாளி ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் தட்டெழுதி, இறப்பர் முத்திரை குத்திக் கொடுத்த கடிதம் அது. இவர் எமது கடையின் ஸ்டோர் கீப்பர், இவரை எனக்கு நன்றாகத் தெரியும் என்பதுதான் அதன் சாரம். யாழ்ப்பாணத்தில் பிறந்தவர் என்று அட்டையில் எழுதியிருந்த ஒருவர் சண்டை நடந்த அந்த வருடங்களில் கொழும்பின் காலி வீதியில் நடமாட இப்படி ஒரு கடிதம் வேண்டியிருந்தது. அதை மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். வேலை போனால் கடிதம் போகும். கடிதம் போனால் அப்பாவைப் பொலிஸ் ஏற்றிக்கொண்டு போகும். ஒன்பது வயதில் எனக்குச் சந்தேகமில்லாமல் விளங்கிய ஒரே நிர்வாக நடைமுறை இதுதான். மற்றதெல்லாம் குழப்பம்.

முதலாளியை எல்லோரும் ஹாஜியார் என்றே அழைத்தார்கள். அவர் பொய் எழுதமாட்டார் என்பது எங்கள் வீட்டில் ஒரு புகழாகவும் ஒரு முறைப்பாடாகவும் பேசப்பட்டது. ஊரிலிருந்து வந்த சித்தப்பாவுக்கும் அப்படி ஒரு கடிதம் தேவைப்பட்டபோது அப்பா போய்க் கேட்டார். வேலை செய்யாத ஆளை வேலை செய்றார் என்று எழுத ஏலாது, வேண்டுமென்றால் வேலைக்கு வரச் சொல்லுங்கள் என்றார் ஹாஜியார். கணிதத்தில் பட்டம் பெற்ற சித்தப்பா எட்டு நாள் துணிக்கட்டுச் சுமந்தார். ஒன்பதாம் நாள் கடிதம் கிடைத்தது. இவர் எட்டு நாட்களாக எமது கடையில் வேலை செய்கிறார் என்று அதில் இருந்தது.

“ஒரு பூச்சியத்தைச் சேர்த்துப் போட்டால் கை தேய்ஞ்சு போயிடுமோ அந்த மனுசனுக்கு?” என்றார் அம்மா.

“பூச்சியத்துக்கும் அங்கால பதில் சொல்ல வேணுமாம்,” என்றார் அப்பா, மேலே காட்டி.

பாடசாலை விட்டதும் நான் நேரே கடைக்குப் போய்விடுவேன். படையினரின் சுற்றிவளைப்புகள் அடிக்கடி நடந்ததால் வீட்டுக்குத் தனியாகப் போக அம்மா விடுவதில்லை. கடையின் மாடியில் இருந்த களஞ்சிய அறையில், துணிக்கட்டுகளுக்கு நடுவே ஒரு மரப்பெட்டிமேல் கொப்பியை வைத்து எழுதிக்கொண்டு, அப்பாவின் வேலை முடியும்வரை இருப்பேன்.

அந்த அறையில்தான் சிவப்பு நூல் இருந்தது. ஆலையிலிருந்து வரும் ஒவ்வொரு துணிக்கட்டையும் ஹாஜியார் நீண்ட மேசையில் விரித்து, விளக்கு வெளிச்சத்தில் முழம் முழமாகத் தள்ளிப் பார்ப்பார். நெசவு விட்ட இடம், எண்ணெய்க் கறை, சிறு ஓட்டை என்று எங்கே குறை கண்டாலும் அதற்கு நேராகத் துணியின் ஓரத்தில் ஒரு சிவப்பு நூலைக் கட்டுவார். நூல் கட்டியவை இடப்பக்கத் தட்டுக்கும் கட்டாதவை வலப்பக்கத் தட்டுக்கும் போகும். அப்படி அடுக்குவதும், தட்டிலிருந்து எடுத்துக் கீழே அனுப்புவதும், அறைச் சாவியை வைத்திருப்பதும் அப்பாவின் பொறுப்பு. நூல் கட்டிய துணியை விற்கும்போது இன்ன இடத்தில் இன்ன குறை என்று விரித்துக் காட்டித்தான் விற்க வேண்டும். மூத்த விற்பனையாளருக்கு இது பிடிக்காது. அவரை எல்லோரும் நானா என்பார்கள். “சனம் கண்ணாடி போட்டுத் தேடினாலும் காணாத ஓட்டைய நாங்க கூப்பிட்டுக் காட்டறோம்,” என்று அவர் என்னிடமே சொல்லியிருக்கிறார்.

இடப்பக்கத் துணி மலிவு. ஆகவே என்னுடைய வெள்ளைப் பாடசாலைச் சட்டைகள் எல்லாம் அதிலிருந்துதான் வந்தன. அம்மா வெட்டுவதற்கு முன் நூல்களை உருவி எடுக்கும் வேலையை என்னிடம் தருவார். குறையுள்ள இடத்தை மடிப்புக்குள்ளோ தையலுக்குள்ளோ அவர் மறைத்துவிடுவது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், நான் நூலை எடுத்தேன், துணி நல்ல சட்டையாகிவிட்டது என்பதுதான். நூல்தான் நோய் என்று நான் முடிவு செய்திருந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் கடை பூட்டியிருந்தது. ஹாஜியாரும் நானாவும் மற்றவர்களும் ஜும்ஆத் தொழுகைக்குப் போய்விட்டார்கள். அப்பா கீழே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அன்று காலை பார்த்து முடித்த வெள்ளைத் துணிக்கட்டுகள் அடுக்கப்படாமல் மேசையில் கிடந்தன. அவற்றில் ஐந்தாறு கட்டுகளின் ஓரமெல்லாம் சிவப்பு நூல். வலப்பக்கத் தட்டு வெறுமையாகிவிட்டது, நல்ல வெள்ளை போதாது என்று அப்பா முதல்நாள் வீட்டில் சொல்லிக் கவலைப்பட்டது எனக்கு நினைவுக்கு வந்தது. நல்ல வெள்ளை செய்வது எப்படி என்று எனக்குத்தான் தெரியுமே. எல்லா நூலையும் உருவினேன். உருவிய நூல் அழகாக இருந்ததால் மூன்று பிரியாகப் பின்னி இடக்கையில் கட்டிக்கொண்டேன். கோயில் நூல் மாதிரியே இருந்தது. அம்மா கேட்டபோது, கூடப் படிக்கும் பிள்ளை பிள்ளையார் கோயிலிலிருந்து கொண்டு வந்தது என்று சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. நன்மை செய்துவிட்டுப் பொய் சொன்ன முதல் அனுபவம் அது. பிற்பாடு அலுவலகத்தில் பலர் அதை ஒரு கலையாகவே செய்யக் கண்டிருக்கிறேன்.

அப்பா வந்தார். நூலில்லாத கட்டுகளைக் கண்டு, அத்தனையையும் வலப்பக்கம் அடுக்கினார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது.

சனிக்கிழமை கொட்டாஞ்சேனையில் பெற்றோரில்லாத பிள்ளைகளை வைத்துப் பார்க்கும் ஒரு கன்னியர் மடத்துக்கு அந்த வெள்ளையில் பெரும்பகுதி போயிற்று. தேவாலயத்தில் புதுநன்மை வாங்கப்போகும் சிறுமிகளுக்குச் சட்டை தைக்க. மிச்சம் கடையில் சில்லறையாகப் போயிற்று. திங்கட்கிழமை பிற்பகல் மடத்துக்குத் தைத்துக் கொடுக்கும் பெண் ஒருத்தி வெட்டிய துண்டுகளை ஒரு பையில் போட்டுக்கொண்டு வந்தாள். அவள் சண்டை பிடிக்கவில்லை. பிடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். துண்டுகளை மேசையில் ஒவ்வொன்றாக வைத்து ஓட்டைகளை விரலால் காட்டினாள்.

“உங்கட கடைத் துணியில நூல் இல்லாட்டி நாங்கள் பார்க்கிறதே இல்லை ஹாஜியார். அப்பிடியே கத்தரி வைக்கிறனாங்கள்.”

ஹாஜியார் பையை வாங்கினார். துண்டுகளை அவரே மடித்தார்.

பின்னேர அஸர் தொழுகை முடிந்ததும் கடையில் இருந்த எல்லோரையும் மாடிக்குக் கூப்பிட்டுப் பாய் விரித்து உட்காரச் சொன்னார். முக்கியமான எதையும் அவர் தனியாகத் தீர்மானிப்பதில்லை. கடையின் வான் வண்டிச் சாரதிவரை ஒவ்வொருவரிடமும் கேட்பார். கேட்காமல் செய்யும் காரியத்தில் பரகத், ஆண்டவன் அருள், இல்லை என்பார். வழக்கமாக அந்தக் கூட்டங்கள் எனக்கு விருப்பம், ஏனென்றால் பிஸ்கற் வரும். அன்று பிஸ்கற் வரவில்லை. நான் என் மரப்பெட்டியில் கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு வரியும் எழுதாமல் இருந்தேன்.

அந்தக் கட்டுகளில் நூல் கட்டியது தன்னுடைய கை, இப்போது நூல் இல்லை, என்ன நடந்திருக்கும் என்று ஹாஜியார் கேட்டார்.

“மீயோ, முதலாளி,” என்றான் சிங்களச் சாரதி. எலி என்று பொருள்.

“துணியக் கடிக்காம நூல மட்டும் அவிழ்க்கிற எலியா தம்பி? அந்த எலிக்கு நாங்க சம்பளம் குடுத்து வேலைக்கு எடுக்கலாம்,” என்றார் நானா. யாரோ சிரித்தார்கள். நானா சிரிக்கவில்லை. “ஹாஜியார், சுத்தி வளைக்க வேணாம். சாவி யார்ட கையில ஈந்த? அத மட்டும் கேளுங்க.”

எல்லோரும் அப்பாவைப் பார்க்காமல் இருப்பதற்காகப் பாயைப் பார்த்தார்கள். அந்தக் கடையில் யாழ்ப்பாணத்து ஆள் அவர் ஒருவர்தான். நாட்டில் எங்கே எது நடந்தாலும் அவரைப் பார்க்காமல் இருக்கும் பழக்கம் அவர்களுக்கு ஏற்கெனவே இருந்தது.

“சாவி என்னட்டைத்தான் இருந்தது,” என்றார் அப்பா. “நான் எடுக்கேல்லை. எடுத்தது ஆரெண்டும் தெரியாது. ஆனால் அறை என்ர பொறுப்பு. நீங்கள் என்ன சொன்னாலும் சரி.” சொல்லும்போது அவருடைய கை சட்டைப் பையில் இருந்தது. கடிதம் வரும் வெள்ளிக்கிழமையோடு காலாவதியாக இருந்தது.

“சாவிய ஒங்கட கையில தந்தது நான்,” என்றார் ஹாஜியார். “அப்ப மொதல்ல கேள்வி கேக்க வேண்டியது என்னட்ட.”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நூல் எடுத்ததால் துணி நல்லதாகியிருக்க வேண்டும். ஓட்டை எப்படி வந்தது? குற்றம் செய்யாத அப்பா பொறுப்பு என்கிறார். முதலாளி தன்னைக் கேட்கச் சொல்கிறார். எலிக்குச் சம்பளம் வேறு.

அப்போது ஹாஜியார் என் பக்கம் திரும்பினார். “இந்தப் புள்ளயும் இங்கதானே ஈக்கிற. அவகிட்டயும் கேக்கணும். வாங்க மகள். நீங்க என்ன சொல்றீங்க?”

நான் எழுந்து போய் அவர் முன்னால் நின்றேன். கையைப் பின்னால் வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. எனக்கிருந்த ஒரே சந்தேகத்தைக் கேட்டேன். “நூல் இல்லாட்டித் துணி நல்லம்தானே?”

பாய் முழுவதும் சிரித்தது. சாரதிக்கு யாரோ மொழிபெயர்த்ததும் அவனும் சிரித்தான். ஹாஜியார் மட்டும் சிரிக்கவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் இடக்கையைப் பார்த்தார். துணி பார்க்கும்போது குறை கண்ட இடத்தில் அவருடைய பார்வை ஒரு கணம் நிற்கும். அப்படி நின்றது.

“எந்தக் கோயில் நூல் மகள்?”

“பிள்ளையார் கோயில்.”

“நல்லம். போய்ப் படிங்க.”

பிறகு அவர் எழுந்தார். “நூல எடுத்தது ஸ்டோர் கீப்பர் இல்ல. அது எனக்குத் தெரியும். இதுக்கு மேல இந்தக் கடையில யாரும் யாரையும் கேக்க வேணாம்,” என்றார். எப்படித் தெரியும் என்று நானா கேட்டார். “தெரியும் என்டு சொன்னேனே, அது போதாதா? இப்ப குறை துணியில. அதத் தேடிப் பிடிப்போம்.”

நான் பின்னாளில் அரசாங்க அலுவலகம் ஒன்றில் ஒழுக்காற்றுப் பிரிவில் இருந்தே தலை நரைத்தேன். ஆரம்ப விசாரணை, வாக்குமூலம், குற்றப்பத்திரம், விளக்கம் கோருதல் என்று தாபன விதிக்கோவையின் அந்த அத்தியாயம் எனக்குத் தலைகீழாகப் பாடம். அதன்படி பார்த்தால் ஹாஜியாரின் விசாரணையில் சரியாக நடந்தது எதுவுமே இல்லை. வாக்குமூலம் எழுதப்படவில்லை. சாட்சியை விசாரித்தவரே சாட்சியத்தை மறைத்தார். தீர்ப்புக்குக் காரணம் சொல்லப்படவில்லை. என் மேசைக்கு அந்தக் கோவை வந்திருந்தால் சிவப்பு மையால் குறிப்பெழுதித் திருப்பி அனுப்பியிருப்பேன்.

அந்தக் கூட்டத்துக்கு மறுநாள் ஹாஜியாரும் அப்பாவும் வெளியே வாங்கிய நல்ல வெள்ளையை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போய் மடத்தில் மாற்றிக் கொடுத்துவிட்டு வந்தார்கள். சில்லறையாக வாங்கியவர்களுக்காகக் கடை வாசலில் மூன்று மொழியிலும் பலகை வைத்தார். சனிக்கிழமை இங்கே வாங்கிய வெள்ளைத் துணியில் குறை இருக்கிறது, கொண்டு வந்து மாற்றுங்கள் என்று. காலி வீதியில் போன பஸ்ஸிலிருந்துகூட அதை வாசிக்கலாம். “இனிக் கடையப் பூட்டிட்டுப் பலகைய மட்டும் தொறந்து வைப்போம்,” என்றார் நானா.

அந்தத் திங்கட்கிழமை, கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போகும்போது சோதனைச் சாவடி வந்ததும் அப்பா என் கையைப் பிடித்தார். வழக்கமாக விரல்களைத்தான் பிடிப்பார். அன்று மணிக்கட்டை, நூல் கட்டியிருந்த இடத்தை, முழுக்க மூடிப் பிடித்தார். நொந்தது. ஒன்றும் கேட்கவில்லை. வீட்டுக்குப் போன பிறகும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை புதிய கடிதம் வந்தது. அம்மா அதை வாசித்துவிட்டு இன்னொருமுறை வாசித்தார். பழைய வாசகங்களோடு ஒரு வரி கூடியிருந்தது. என் பொருட்களை இவர் கையில் ஒப்படைத்திருக்கிறேன், இன்னும் ஒப்படைப்பேன் என்று.

“விசாரிக்காமல் எப்பிடி எழுதினவர்? பொய் எழுதாத மனுசன் எண்டு சொன்னனீங்கள்.”

“இதுவும் பொய் இல்லை,” என்றார் அப்பா. எனக்கு ஹாஜியாரில் சிறு ஏமாற்றம் வந்தது. எங்களுக்காக அவர் ஒரு பொய் எழுதிவிட்டார் என்று நான் நம்பினேன். சித்தப்பாவுக்கு எழுதாததை நினைத்துக் கோபமும் வந்தது.

அடுத்த வாரம் மாடிக்குப் போனபோது மேசையில் நீல நூற்கண்டு இருந்தது. இனிமேல் குறைக்கு நீல நூல்தான் என்று ஹாஜியார் சொல்லிவிட்டாராம். பழைய கட்டுகளில் இருந்த சிவப்பை எல்லாம் அவிழ்த்து நீலம் கட்டும் வேலை அப்பாவுக்கும் நானாவுக்கும் வந்திருந்தது. விசர் வேலை என்று நானா முணுமுணுத்துக்கொண்டே கட்டினார். ஒரு நாள் பின்னேரத்துக்குள் அந்தக் கட்டடத்திலேயே சிவப்பு நூல் இல்லை, என் கையில் இருந்ததைத் தவிர. அது இப்போது யார் பார்த்தாலும் கோயில் நூல்.

எனக்கு நீலம் பிடிக்கவில்லை. ஹாஜியார் மாடிக்கு வந்தபோது நேரே சொன்னேன். “சிவப்புத்தான் வடிவு.”

அவர் புதுக்கட்டு ஒன்றை விரித்துக்கொண்டே சிரித்தார். “ஓம் மகள். எனக்கும் சிவப்புத்தான் விருப்பம்.”

பிறகு ஏன் மாற்றினார் என்று யோசித்துப் பார்த்தேன். சண்டைக் காலம்தானே, சிவப்பு நூலுக்கும் தட்டுப்பாடு வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு கொப்பியைத் திறந்தேன்.