வேப்பிலைக் கட்டில் ஒரு நாழி மணல்

அந்த வருடம் மாசியில் வைசூரி எங்கள் கடற்கரையைப் பிடித்தது. மணல் கம்பெனியில் நான் எழுத்தராகச் சேர்ந்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது, வேலை நிரந்தரமாகவில்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். வாங்கிய வேலையைத் தப்பில்லாமல் செய்துவிட வேண்டும் என்கிற பயம் எப்போதும் உண்டு.

அள்ளி வந்த கருமணலைக் காந்தத்தில் ஓட்டிப் பிரித்தால் கடைசியில் கொஞ்சம் மஞ்சள் மணல் மிஞ்சும். முன்பு அது கப்பலேறிப் போனது. வெள்ளைக்காரன் போன பிறகு, அணுசக்திக்கு வேண்டும் என்று சர்க்கார் அதைத் தன் பூட்டுக்குள் வைத்துக்கொண்டது. ஒரு பிடிகூட வெளியே போகக்கூடாது. இதைக் காவலர்களுக்கு நான் விளக்கிக்கொண்டிருந்தபோது வாசல் காவல்காரர் கேட்டார்:

"இந்த மண்ணுலயா பிள்ளே குண்டு செய்யான்? அப்போ எங்க ஊர்க்காரன் தெனமும் காலம்பற குண்டு மேலயா குத்த வைக்கான்?"

எல்லோரும் சிரித்தார்கள். அந்த மாதத்தில் சிரித்தது அன்று மட்டும்தான் என்று நினைக்கிறேன்.

காவலைச் சோதிக்க வடக்கேயிருந்து இரண்டு அதிகாரிகள் வருவதாகக் கடிதம் வந்தது. அதற்கு முன் நாமே ஒரு ஒத்திகை பார்த்துவிட வேண்டும் என்றார் சூப்பரண்டு.

"நோய்க் காலம் சார். காவலுக்குப் பாதிப் பேர்கூட வரல்ல. தள்ளி வைக்கலாமா?"

"கள்ளன் தள்ளி வைப்பானாடே? நீ படிச்சவன்தானே, திட்டம் போடு."

மூன்று நாள் உட்கார்ந்து எழுதினேன். முன்பெல்லாம் வேலை விட்டுப் போகிறவர்களின் மடியைக் காவலர்கள் தடவிப் பார்ப்பார்கள். இப்போது யாரும் யாரையும் தொட மாட்டார்கள். ஆகவே வாசலில் சுண்ணாம்புக் கோடு போட்டு, கோட்டுக்கு அப்பால் ஓலைப்பாய் விரித்து, ஒவ்வொருவரும் மடியையும் துண்டையும் தாங்களே அதில் உதறிக் காட்டுவது. காவலர் கம்போடு தள்ளி நிற்பது. இருக்கிற ஐந்து பேரை எங்கெங்கே நிறுத்துவது என்று எழுதி எழுதி அடித்தேன். ஒருவருக்கு இடம் எழுதி முடித்தால் மறுநாள் அவர் காய்ச்சலில் படுத்து, பதில் ஆள் வருவார். மறுபடி முதலிலிருந்து.

எல்லாவற்றுக்கும் சம்மதித்த வாசல் காவல்காரர் ஒன்றுக்கு மட்டும் ஒப்பவில்லை. அந்த மணற்காட்டில் நன்றாகத் தழைத்து நின்ற வேம்புகள் கம்பெனி மதிலுக்குள்தான் இருந்தன. நோய் கண்ட வீட்டுப் பெண்கள் சாயங்காலம் அதில் கொப்பொடித்து, கட்டாகச் சுமந்து போவார்கள். அந்தக் கட்டு வரும்போது காவலர்கள் தலைப்பாகையை அவிழ்த்துவிட்டு ஒதுங்கி நிற்பார்கள்.

"அம்மன் வீட்டுக்குப் போற வேப்பிலைய உதறிக் காட்டுன்னு எவகிட்டயும் சொல்ல மாட்டேன் பிள்ளே. எனக்கும் சின்னஞ் சிறுசுக உண்டு. கட்டாயம்னா இந்தாரும், கம்பு."

மற்ற நால்வரும் அவர் பக்கம் நின்றார்கள். அவர்களும் போய்விட்டால் காவலே இல்லை. ஆறாவது விதியாக எழுதினேன்: வைசூரி கண்ட வீட்டுக்குக் கொண்டுபோகும் வேப்பிலையைச் சோதிக்க வேண்டாம். சூப்பரண்டு கையெழுத்துப் போட்டார்.

அடுத்த வாரம் அவர் என்னைக் கூப்பிட்டு, ஒரு நாழி மஞ்சள் மணலை அளந்து துணிப்பையில் போட்டுத் தந்தார்.

"இதுதான் ஒத்திகை. உன் திட்டத்துல ஓட்டை இருக்கான்னு நீயே பாரு. இத வெளிய கொண்டு போ. யாருகிட்டயும் மூச்சு விடாத."

எனக்குத் தெரிந்த ஓட்டை ஒன்றுதான். நானே வைத்தது. கணக்கு வாத்தியார் முன் நிற்கிற பையனைப் போல, சரியான விடையைக் காட்ட வேண்டும் என்பதைத் தவிர வேறெதுவும் அப்போது தோன்றவில்லை. சாயங்காலம் வேப்பிலைக் கட்டுக்குள் பையைச் செருகிக்கொண்டு வாசலுக்குப் போனேன். அந்த மணலுக்குக் கல்லின் கனம், தோள் இறங்கியது.

காவல்காரர் என் முகத்தைப் பார்த்துப் பதறிவிட்டார். "யாருக்கு மக்கா?"

"தங்கச்சிக்கு."

தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்தார். "பையப் பைய போ. ஒண்ணும் வராது." கதவை அகலத் திறந்துவிட்டார்.

மறுநாள் காலை மேசைமேல் பையைக் கண்டதும் சூப்பரண்டு, "வாசல்ல எவன்?" என்று கேட்டார். சொன்னேன். "அவன வேலைய விட்டு நிறுத்திரு. வாறவங்க கேட்டா, நடவடிக்கை எடுத்தாச்சுன்னு சொல்லணும்லா?"

"ஆறாவது விதி சார். அவர் விதிப்படிதான் விட்டார்."

புரட்டிப் பார்த்தார். பிறகு பேனாவை என் பக்கம் தள்ளினார். "இத அடிச்சிரு. விதி இல்லேன்னா தப்பு அவனோடது. விதி இருந்தா தப்பு உன்னோடது. நீ இன்னும் நிரந்தரம் ஆகல்ல, ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இருந்தது. பேனாவை எடுத்தேன். விதியை அடிக்காமல், ஒத்திகை அறிக்கையில், பிழை காவலில் இல்லை, திட்டத்தில் என்று எழுதி, கீழே என் பெயரைப் போட்டேன். துணிச்சல் ஒன்றுமில்லை. காவல்காரர் தலைப்பாகையை அவிழ்த்ததை மறக்க முடியவில்லை, அவ்வளவுதான். எனக்கு நிரந்தரம் ஒரு வருடம் தள்ளிப்போனது. அவர் வாசலிலேயே இருந்தார்.

அறிக்கை எழுதிய அன்றே காவல்காரரிடம் உள்ளதைச் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

"அப்போ தங்கச்சிக்கு ஒண்ணும் இல்லியா?"

"இல்ல."

"அது போதும்." கொஞ்சம் கழித்து, "ஆனா அவ பேரச் சொல்லி வேப்பில எடுத்துட்டேல்லா. வாசல்ல ஏழு நாள் வேப்பில கட்டச் சொல்லு. தாளிக்கப்படாது" என்றார். வீட்டில் ஏழு நாளும் தாளிக்காத குழம்பு. தங்கை என்னோடு பேசவில்லை.

வேப்பிலைக் கட்டையும் பாயில் உதறிக் காட்ட வேண்டும் என்று ஆறாவது விதியை மாற்றி எழுத வேண்டி வந்தது. அதையும் நான்தான் எழுதினேன். இப்போது காவல்காரர் மறுக்கவில்லை. என்னால் தப்பிய வேலை என்று நினைத்தாரோ என்னவோ. அதிகாரிகள் வந்த அன்று வேப்பிலைக் கட்டோடு முதலில் வந்தது உலர்களத்தில் வேலை செய்கிற ஒரு பெண். அவள் வீட்டில் இரண்டு பிள்ளைகள் படுத்திருந்தார்கள். கோட்டருகே நின்று எங்களை மாறி மாறிப் பார்த்தாள்.

"ஒதறு தாயீ" என்றார் காவல்காரர், தரையைப் பார்த்துக்கொண்டு.

அவள் கட்டை அவிழ்த்துப் பாயில் உதறினாள். இலையைத் தவிர ஒன்றும் விழவில்லை. அதிகாரிகளில் ஒருவர் தாளில் ஏதோ குறித்துக்கொண்டார். அவள் குனிந்து ஒவ்வொரு கொப்பாகப் பொறுக்கிக் கட்டுகிறவரை, அவிழ்த்த தலைப்பாகையைக் கையில் பிடித்தபடி காவல்காரர் நின்றார். அடுத்த ஆளைக் கூப்பிடவில்லை.