பனியன் துணியில் ஒரு மூத்திரப் பொம்மை

எனக்கு வயது எழுபத்திரண்டு. நாலு பிள்ளைகளை வளர்த்தேன். நாலும் பனியன் கம்பெனிச் சம்பளத்தில் வளர்ந்தவை. எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். அவசரமில்லை.

ஒரு பொம்மை நினைவில் இருக்கிறது. கட்டிங் வேஸ்ட்டில் செய்தது. வெள்ளைப் பனியன் துணியில் உப்பிய வயிறு, குந்திய கால்கள், நடுவே தொங்கும் மஞ்சள் நூல். செய்தவர் எங்கள் லைனில் செக்கிங் பார்த்த அக்கா, திருநெல்வேலிப் பக்கமிருந்து பிழைக்க வந்தவர்.

நான் அப்போது ஓவர்லாக் மிஷினில் தைத்தேன். லைனில் ஒருத்தி எழுந்தால் அடுத்தவளுக்குத் துணி வராது. எழ வேண்டுமானால் சூப்பர்வைசரிடம் கேட்க வேண்டும். ஓர் ஆம்பளையிடம் போய் ஒண்ணுக்குப் போகிறேன் என்று எப்படிச் சொல்வது? நான் சொன்னதே இல்லை. தண்ணீர் குடிப்பதை விட்டேன். அடிவயிறு எரிந்தது, காய்ச்சல் வந்தது, ஒருநாள் மூத்திரத்தில் இரத்தம் வந்தது. இன்னும் அடக்கினால் சிறுநீரகம் கெட்டுவிடும் என்றார் பல்லடத்து டாக்டரம்மா. அதன் பிறகும் அடக்கினேன்.

அக்கா என்னைத் திட்டவில்லை. பொம்மையைக் கொண்டுவந்து என் மிஷின் மேல் வைத்தார்.

"ஏட்டி, நீ வாயே தொறக்க வேண்டாம். இவள உக்கார வச்சிட்டுப் போ. எங்க போனன்னு இவளே சொல்லுவா."

லைன் முழுக்கச் சிரித்தது. எனக்கு உடம்பு கூசியது. "ஐயோ, எடுங்கக்கா, பாக்கறாங்க."

சூப்பர்வைசர் வந்தார். "இதென்னங்க கருமம்?"

"ஒங்களுக்கு வரவே வராதா சார்?" என்றார் அக்கா.

அவர் பொம்மையை வேஸ்ட் மூட்டையில் எறிந்தார். மறுநாள் எல்லா மிஷின் மேலும் ஒவ்வொன்று குந்தியிருந்தது. ஒன்றுக்கு மீசைகூட வைத்திருந்தார் அக்கா. சூப்பர்வைசர் காது சிவந்து கட்டிங் பக்கம் போய்விட்டார். நான் எழுந்து போய் வந்தேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அக்கா இறந்த செய்தி வந்தபோது அரிசி களைந்துகொண்டிருந்தேன். களைந்து முடித்து உலையில் போட்டேன். அழுகை வரவில்லை. இன்றும் வரவில்லை.

இப்போது அடக்க நினைத்தாலும் முடிவதில்லை, சேலை நனைந்துவிடுகிறது. நேற்று, மருமகள் வேலை முடிந்து வரும்வரை ஈரத்திலேயே உட்கார்ந்திருந்தேன். இன்று பேத்தியைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். அவள் மாற்றுச் சேலை எடுத்து வந்தாள். உடுத்திக்கொண்டு, இதுவரை எழுதியதை அவளிடம் கொடுத்தேன். "சத்தமாப் படி கண்ணு, கேக்கறேன்."

நன்றாகத்தான் படித்தாள். ஓரிடத்தில் மட்டும் குரல் இறங்கியது. ஒரு வார்த்தையை விழுங்கிவிட்டு அடுத்ததற்குப் போனாள்.

"நில்லு சாமி. ஒண்ண உட்டுட்டயே. அதையும் படி."