கிடங்கில் ஒன்றும் நிற்கக் கூடாது

பாஞ்சாலையின் புருஷனுக்கு விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறை ஒன்றில் சூளைக்குக் கரி தள்ளும் வேலை. வந்து சில வருஷங்களிலேயே நெஞ்சுச்சளி கண்டு செத்துப்போனான். முதலாளி தேவநாதன் அவளை வெளியே அனுப்பவில்லை. ஊறுகாய் ஜாடிகளுக்கு வைக்கோல் சுற்றிப் பெட்டியில் அடுக்கும் பெண்களோடு சேர்த்துக்கொண்டார். பட்டறைக்குப் பின்னால் வேலைக்காரர்களுக்கென்று ஒரு வரிசைக் கூரை வீடுகள் இருந்தன. அதில் ஒன்றில் அவள் தொடர்ந்து குடியிருந்தாள். கடைசி வீட்டுப் பூவாயிதான் அந்த முதல் மாதங்களில் அவளுக்குச் சோறு போட்டவள்.

அப்போது தேவநாதனும் மற்றப் பட்டறைக்காரர்களைப் போலத்தான் தொழில் செய்தார். களிமண் மலையாகக் கிடக்கும். கரி குவிந்திருக்கும். விற்காத ஜாடி கிடங்கின் கூரையை முட்டும். அறுபதுகளின் கடைசியில் ஒரு ஐப்பசி மழைக்குக் கிடங்குச் சுவர் சரிந்து அத்தனையும் ஓடாகிப்போனது. தேவநாதன் அந்த ஓட்டுக் குவியலைக் காலால் தள்ளிப் பார்த்தார்.

“இனிமே கெடங்குல ஒண்ணும் நிக்கக் கூடாது” என்றார்.

சொன்னபடி செய்தார். ஆர்டர் வந்த பிறகுதான் மண் வண்டி உள்ளே வந்தது. கரி வேகன் ரயிலடிக்கு வந்த அன்றே சூளை பற்றவைத்தார்கள். சூளை ஆறியதும் ஜாடிகள் நேரே லாரியில் ஏறின. அக்கம்பக்கத்தில் இரண்டு பட்டறைகள் பூட்டிக் கிடந்தபோதும் தேவநாதனின் புகைபோக்கி புகைந்துகொண்டிருந்தது. அதன் பிறகு அவர் பார்வை ஜாடி அடுக்கும் பெண்களின் கூலி மேல் திரும்பியது.

“சரக்கு நிக்கல. ஆளு மட்டும் எதுக்கு நிக்கணும்? எல்லாரும் கேட்டுக்கு வெளிய இருக்கட்டும். லாரி வந்தா வேணுங்கிற ஆள மட்டும் உள்ள வுடு. ஒனக்கு மாசச் சம்பளம், பாஞ்சால.”

“சரிங்க மொதலாளி” என்றாள். யோசித்துச் சொல்கிறேன் என்றுகூடச் சொல்லவில்லை.

அந்த வேலை அவளுக்கு நன்றாக வந்தது. விடிந்ததும் பெண்கள் கேட்டருகே வந்து உட்காருவார்கள். லாரி வராவிட்டால் கூலி இல்லை. பொறுக்க முடியாமல் எழுந்து போகிறவளை அந்த வாரம் முழுக்கக் கூப்பிடாமல் விட்டாள். இது முதலாளி சொன்னதல்ல. அவளே போட்ட சட்டம். அதற்குப் பிறகு ஒருத்தியும் நகரவில்லை, ஒருநாளும் ஆள் குறையவில்லை. தேவநாதன் நாலு பேர் எதிரில் அவளை மெச்சினார். அன்றைக்கு முழுதும் அவள் தலை நிமிர்ந்தே இருந்தது.

ஒருநாள் பூவாயி தன் மகள் மாரியம்மாளைத் தோளில் போட்டுக்கொண்டு கேட்டுக்கு வந்தாள். சின்னப் பெண். உடம்பு அனலாகக் கொதித்தது.

“அக்கா, புள்ளைக்குக் கண்ணு சொருவுது. பெரியாசுபத்திரிக்குப் போயிட்டு வந்துடறேன்.”

“போ. நான் என்ன கையப் புடிச்சா நிறுத்தறேன்? நாளைலேருந்து இங்க வராத.”

“என்னக்கா, எங்கிட்டயே இப்பிடிச் சொல்ற?”

“ஒனக்கு வுட்டா எல்லாத்துக்கும் வுடணும். மத்தியானம் லாரி வருது. ஏத்திட்டுப் போ.”

பூவாயி உட்கார்ந்துவிட்டாள். லாரி மத்தியானம் வரவில்லை. பொழுது சாயும்போதுதான் வந்தது. ஏற்றி முடித்துவிட்டுத்தான் அவள் ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். பிள்ளை பிழைத்தது. ஆனால் இரண்டு காதும் போய்விட்டன. பின்னால் நின்று தட்டைத் தட்டினாலும் திரும்பாது. பாஞ்சாலை ஒரு கவுன் வாங்கிக் கொடுத்தாள். பூவாயி அதை வாங்கிக்கொண்டாள். அவளுக்கு வேலை வேண்டியிருந்தது.

எழுபத்துநாலு மே மாதம் ரயில்காரர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். வேகன் எப்படியும் வந்துவிடும் என்று நம்பித் தேவநாதன் சூளையைப் பற்றவைத்திருந்தார். வரவில்லை. சூளை பாதியில் இருக்கும்போது கரி தீர்ந்தது. அந்த நேரத்தில் தீ இறங்கினால் உள்ளே இருக்கும் ஜாடி அத்தனையும் விரிசல் விட்டுவிடும். எங்கேயும் கரி கையிருப்பில்லை. விறகுக் கடைகளை மற்றவர்கள் துடைத்துப் போயிருந்தார்கள். தேவநாதன் பட்டறையின் பின்பக்கம் போய்க் கூரை வீடுகளைப் பார்த்தார்.

“சவுக்கும் பனையும் நல்லா எரியும். பிரிங்க. புது வூடு கட்டித் தரேன்.”

யாரும் முணுமுணுக்காதபடி பாஞ்சாலை முதலில் தன் வீட்டையே பிரிக்கச் சொன்னாள். ஆண்கள் கயிறு கட்டிக் கூரையை இழுத்துச் சாய்த்தார்கள். பெண்கள் கழிகளைத் தலையில் சுமந்து சூளைக்கு ஓடினார்கள். பூவாயி தன் வீட்டு வாசலிலேயே நின்றாள்.

“புள்ள தூங்குதுக்கா.”

“ஒன்னுது கடைசி வூடு. அதுக்குள்ள வெறவு தேறிடும். வெயில்ல எதுக்கு எழுப்பற? சுமக்கிற வேலயப் பாரு.”

பூவாயி போனாள். ஆனால் விறகு தேறவில்லை. தீ இறங்குகிறது என்று சூளைப் பக்கமிருந்து கத்தினார்கள். கடைசி வீட்டின் மேல் கயிறு விழுந்தது. பாஞ்சாலை வாசலில் நின்று, “உள்ள யாரு? வெளிய வாங்க!” என்று குரல் கொடுத்தாள். பதில் இல்லை. குனிந்து எட்டிப் பார்த்திருக்கலாம்.

“யாருமில்ல. இழுங்க” என்றாள்.

பனைவிட்டம் பிள்ளையின் மேல் விழுந்தது. ஓலையை விலக்கியபோதுதான் கவுன் தெரிந்தது. பூவாயி ஓடி வந்தாள். அவளைப் பிடித்துக்கொள்ள நாலு பேர் வேண்டியிருந்தது. அந்த அமளியில் யாரோ விட்டத்தை இழுத்துப்போய்ச் சூளையில் போட்டுவிட்டார்கள்.

சூளை தப்பியது. ஒரு ஜாடிகூட விரிசல் விடவில்லை. மெருகு பளபளவென்று ஏறியிருந்தது. போலீஸ்காரர் வந்து விபத்து என்று எழுதிக்கொண்டு போனார். புது வீடு கட்டித் தருவதாகச் சொன்ன பேச்சு அதோடு போயிற்று. தேவநாதன் அந்த இடத்தைச் சமன்படுத்தி, இனி கரி இல்லாமல் தவிக்கக் கூடாது என்று, மூன்று மாசத்துக்கு வேண்டிய கரியை அங்கே குவித்து வைத்தார்.

பூவாயி சேத்தியாத்தோப்புப் பக்கம் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டாள். அடுத்த நடவுக் காலத்தில் பாஞ்சாலை பஸ் ஏறிப் போனாள். பூவாயி வயலில் நாற்று முடிச்சோடு நின்றாள். மற்றப் பெண்கள் நடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

“பூவாயி, நான் கூப்புட்டுப் பாத்தேன். சத்தியமா கூப்புட்டேன்.”

“கூப்புட்ட. அதுக்கு ஏன் காது கேக்காதுன்னு இந்த ஒலகத்துலயே ரெண்டு பேருக்குத்தான் நல்லாத் தெரியும். எனக்கு, ஒனக்கு.”

“அந்த நேரத்துல மறந்துட்டேன்டீ.”

“மறந்துட்டேன்னு சொல்லாதக்கா. வேணும்னு செஞ்சேன்னு சொல்லு. அதையாச்சும் என்னால தாங்க முடியும்.”

பாஞ்சாலை வரப்பில் உட்கார்ந்து அழுதாள். பூவாயி குனிந்து நடத் தொடங்கினாள். சேறு மிதிபடும் சத்தம் மெல்ல விலகிப் போனது.

திரும்பி வந்த பாஞ்சாலை வேலையை விடவில்லை. வேறு எங்கே போவாள்? மறுநாள் காலை கேட்டுக்கு வெளியே வழக்கத்தைவிட அதிகமான பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவள் ஆளெண்ணி உள்ளே விட்டு, மிச்சப் பேரை இருக்கச் சொன்னாள். அவர்களும் இருந்தார்கள்.